போஸ்டரில் ஏறிய வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அரை ஸ்டார். இருபத்திரண்டு வருடமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறார். எந்தப் படத்துக்கும் முழுசாக மூன்று நட்சத்திரம் கொடுக்க மனசு வராது; அதில் அரையைக் கிள்ளிக்கொண்டுவிடுவார். "சொந்தக் கல்யாணத்துக்கே ரெண்டரைதான் போட்டிருப்பாரு" என்று பக்கம் வடிவமைப்பவர் கிண்டலடிப்பார். ஆனால் மனிதருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை உண்டு. தன் வரி ஒன்றாவது போஸ்டரில் வந்துவிட வேண்டும். இரண்டரை ஸ்டார்காரரின் வரியை எவன் போஸ்டரில் போடுவான்?

அப்பேர்ப்பட்டவர் அந்தப் படத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். பதினைந்து வயதுப் பெண், கையில் போன், வகுப்புக் குழுவில் யாரோ போட்டுவிட்ட அவளுடைய போட்டோ, பார்த்துச் சிரிக்கும் நாற்பது பேர். அவ்வளவுதான் கதை. அவள் அழும்போது வயலின் இல்லை. புத்தி சொல்ல ஒரு பெரியவர் வரவில்லை. இருட்டில் குத்துமதிப்பாகக் கிறுக்கும் குறிப்பு நோட்டை அன்று அவர் திறக்கவே இல்லை. நேரே அலுவலகம் போய், ஒரே மூச்சில் எழுதி, நாலரை போட்டார்.

விமர்சனத்தின் கடைசியில் வாழ்க்கையிலிருந்து ஒரு சாட்சி வைப்பது அவர் வழக்கம். அன்று கைக்கு வந்தது இது: 'என் மகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். இந்தப் படம் அந்தக் குழாயை மூடிவிட்டு நம்மைக் கேட்கச் சொல்கிறது.'

அட பாவி மனுஷா! இரண்டு மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஏன் என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயசு அப்படி, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் வரி போஸ்டரில் ஏறியது, அவர் பெயரோடு. மகளுடைய பள்ளிக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில், ஆள் உயரத்துக்கு. மனிதர் அதைப் படம் பிடித்து, போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

சாயங்காலம் மகள் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"என்னை எல்லாரும் குழாய்னு கூப்பிடறாங்கப்பா."

"உன் பேரையா போட்டேன்?"

"உங்க பேரைப் போட்டிருக்கீங்களே. போதாதா?"

அவர் பதறிப்போய், போஸ்டரை எடுக்கச் சொல்லி விநியோகஸ்தருக்குப் போன் போட்டார். "சார், அந்த வரியாலதான் கூட்டமே வருது" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அவ அழறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்லலை. ஊருக்குச் சொல்லியிருக்கீங்க."

மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவர் கதவோரம் போய் நின்றார். தண்ணீர் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சத்தம் வரவில்லை. அழுகையும் கேட்கவில்லை.

"பாப்பா" என்றார். "என்னம்மா ஆச்சு உனக்கு? அப்பாகிட்ட சொல்லேன்."

அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து குரல் நிதானமாக வந்தது.

"எதுக்குப்பா, எழுதறதுக்கா?"