அம்மாவுக்கு வாங்கிய வெஸ்டர்ன் கோப்பை

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் ஒழுங்காக ஓடுவதாக எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. மோட்டார் போட்டால் நேற்றைய சத்தம் இல்லையே என்று இருக்கும். ஃபேன் சுற்றினால் மற்றவர்களுக்குக் காற்று வரும், எனக்கு மட்டும் மேலே கொக்கிதான் தெரியும். கார் ஓட்டும்போது பாட்டுப் போட விடமாட்டேன். பாட்டு ஓடினால் இஞ்சின் என்ன சொல்கிறது என்று எப்படிக் கேட்பது? "உங்களோட கார்ல போறதுக்கு பஸ்ஸுல நின்னுகிட்டே போயிடலாம்" என்பாள் என் மனைவி. வெறும் பேச்சில்லை, இரண்டு முறை அப்படியே போயும் இருக்கிறாள்.

இதில் பாதி என் பிழைப்பு கொடுத்த வியாதி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில், கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. சூளையிலிருந்து வரும் கட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 'ணங்' என்றால் நல்ல கட்டை. 'டொக்' என்றால் உள்ளே எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். தூக்கி ஓரமாகப் போட்டுவிட வேண்டியதுதான். எங்கள் ஊரில் நான் மட்டும் இப்படி இல்லை. கல்யாண வீட்டில் காபி கொடுத்தால்கூட கப்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு வாயில் வைக்கிறவர்கள் உண்டு. நான் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அம்மா விழுந்துவிட்டாள். காலைப் பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கும்போது வழுக்கி, இடுப்பெலும்பு போய்விட்டது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன டாக்டர், போகிற போக்கில், "இனிமே கீழ குந்தவே கூடாது, வீட்டுல வெஸ்டர்ன்தானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் இருந்தது தரையோடு பதித்த பழைய கக்கூஸ் கோப்பைதான்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பெரிய கஷ்டம் வலி இல்லை, பெட்பேன். வாழ்நாளில் ஒருவர் முன்னால் சேலை நுனியைக்கூட நகர்த்தாதவள். மகளே ஆனாலும், நர்ஸே ஆனாலும், ஆள் பக்கத்தில் நின்றால் அவளுக்கு முடியவில்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கூட இருந்த என் தங்கை டம்ளரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பிடி இருந்தா கிட்னில போய் நிக்கும்மா" என்று நர்ஸ் சத்தம் போட்டதற்கும் அசையவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "வூட்டுக்குப் போயி நானே தனியா போவணும்டா. அதுவரைக்கும் எனக்குத் தண்ணி வேணாம்."

அன்றைக்கே ஊருக்கு வந்து வெஸ்டர்ன் கோப்பை வாங்கப் போனேன். கடையில் இருந்த அத்தனையையும் தட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கடைக்காரர், இதெல்லாம் பழகியிருப்பார். கோயில் மணி போல ஒன்று கேட்டது. அதை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு வராததுதான் பாக்கி.

பிளம்பர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். நல்ல வேலைக்காரர், ஆனால் வருவதுதான் வராது. போன் போட்டால், "தோ வந்துகினே இருக்கேன் சார்" என்பார். பின்னால் அவர் வீட்டுக் கோழி கத்துவது எனக்குக் கேட்கும். ஒருவழியாக வந்து பழைய கோப்பையைப் பெயர்த்தார். பெயர்த்த கையோடு, ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு அவசரம் என்று போய்விட்டார். வீட்டில் குழி மட்டும் இருந்தது. மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தாள், நான் கம்பெனிக்கு சீக்கிரமாகவே கிளம்பினேன். இந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் காய்ந்த உதடுதான் ஞாபகம் வரும்.

இதற்கு நடுவில் கார். அம்மாவை ஆம்புலன்ஸில் கூட்டிவரக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள், தெருவே வாசலுக்கு வந்துவிடுமாம். எங்கள் காரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்தால் அவளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதன் இஞ்சினை ஆற்றுகிற ரேடியேட்டர் ஃபேன் நினைத்தால் சுற்றும், நினைக்காவிட்டால் சுற்றாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மாப்பிள்ளை வீட்டார் வந்திருப்பது போல் அடக்கமாகச் சுற்றியது.

"நல்லாத்தான சார் சுத்துது?"

"இங்க சுத்துது. ரோட்டுல நின்னுடுது."

"நின்னா கொண்டாங்க, பாத்துடலாம்" என்றார். நின்ற காரை எப்படி ஓட்டிக்கொண்டு வருவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை வந்தால் இருக்கிற ஒரு மெக்கானிக்கும் போய்விடுவார்.

பிளம்பர் திரும்பி வந்து கோப்பையை வைத்து, அடியில் சுற்றிலும் சிமெண்ட் கொடுத்து, வழித்து, துடைத்து, நல்ல வேலையாகவே முடித்தார். அதைக் காயவிட்டோம். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்கிற நாளும் வந்துவிட்டது. காலையில் கிளம்புவதற்கு முன்னால் குளியலறைக்குள் போனேன். பார்த்துவிட்டு வந்திருக்கலாம். விரல் மடக்கி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டொக்.

பக்கவாட்டில் தட்டினேன், டொக். அடிப்பக்கம் இன்னும் மோசம். கடையில் மணியாகக் கேட்டது இது. வைக்கும்போது எங்கோ இடித்து விரிசல் விட்டிருக்கிறது, பிளம்பர் சொல்லாமல் மறைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். உட்கார்ந்த பாரத்தில் கோப்பை உடைந்து தொடையைக் கிழித்துவிட்டதாக யாரோ எப்போதோ சொன்ன கதையெல்லாம் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. புதிதாக ஆபரேஷன் செய்த இடுப்பு. உள்ளே அவள் தனியாக இருப்பாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

விட்டுப்போன தன் டிரில்லிங் மெஷினை எடுத்துப் போக பிளம்பர் அந்த நேரத்தில் வந்தார். பிடித்துக்கொண்டேன்.

"எங்கயும் இடிக்கல சார். மாதா சத்தியமா" என்றார். அவருக்கு மாதா கோயில் பக்கமே போக்குவரத்து கிடையாது, எனக்காகச் சொன்னார்.

"நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார். அவருக்கும் டொக் என்றுதான் கேட்டது. முகம் மாறிவிட்டது. "நீங்க சொன்னா கரெக்டாதான் சார் இருக்கும். உங்க வேலையே அதான?"

மனைவி கதவோரம் நின்று கண்ணாலேயே துழாவினாள். "ஒரு கோடு கூட இல்லியே" என்றாள். கண்ணுக்குத் தெரியாது என்றேன். அவளும் நகர்ந்து வழிவிட்டாள். கட்டை விஷயத்தில் என் காதை மிஞ்ச ஆள் இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து நானே சொல்லி வளர்த்திருக்கிறேன்.

எடுத்துவிடச் சொன்னேன். சிமெண்ட் இறுகியிருந்தது. உளி வைத்துச் சுற்றிலும் கொத்தினார். அசைத்தார். இன்னும் கொஞ்சம் கொத்தி, மறுபடி அசைத்தபோது கோப்பை நடுவில் இரண்டாகப் போனது. உடைந்த இடம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பழைய விரிசல் என்றால் அழுக்குக் கோடு இருக்கும். ஒரு கோடும் இல்லை. குனிந்து ஒரு பெரிய துண்டைக் கையில் எடுத்துத் தட்டினேன்.

ணங் என்றது.

சிமெண்டில் உட்கார்ந்த எந்தச் சாமானும் டொக் என்றுதான் கேட்கும். தரையில் பதித்துவிட்ட பிறகு அது எங்கே போய் ஒலிக்கும்? எத்தனையோ வருஷமாகக் கட்டைகளைக் கையில் தூக்கித் தூக்கியே தட்டியவன், தரையில் நட்டு வைத்ததை ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை. பிளம்பர் என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். பாண்டிச்சேரியில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு, பையைக் கட்டி வைத்து எனக்காகக் காத்திருப்பாள்.

"நீங்க கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது நெய்வேலி தாண்டி, கம்மாபுரம் வருவதற்குள் காரில் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. ஃபேன் நின்றுவிட்டது என்று முன்னமே தெரிந்தது, நின்றதன் சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் திறந்துவிட்டேன். சூடு ஆறும்வரை காத்திருந்தோம். சுரங்கத்துப் பக்கமிருந்து வந்த லாரிகள் எங்கள் மேல் புழுதியைக் கொட்டிவிட்டுப் போயின. தங்கை பின்சீட்டிலிருந்து பாட்டிலை நீட்டி, "ரெண்டு மொடக்கு குடிம்மா" என்று கெஞ்சினாள்.

"எனக்கு வேணாம். அதுக்கு ஊத்துங்க" என்றாள் அம்மா, காரைக் காட்டி.

தங்கை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் தண்ணீரை வாங்கிக்கொண்டு இறங்கினேன். ரேடியேட்டரில் ஊற்றியதில் பாதி இஞ்சின் மேல் கொட்டியது.

"வூட்டுல எல்லாம் ஆயிடுச்சா?" என்று அம்மா கேட்டாள். அன்று காலையிலிருந்து அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இல்லம்மா. வச்சது ஒடஞ்சிடுச்சி. இன்னும் ரெண்டு நாளு ஆவும்."

"எப்பிடி ஒடஞ்சிது?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். சத்தம் சரியில்லன்னு நெனச்சேன்."

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்ததோ என்னவோ, எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த இரண்டு நாளும் பெட்பேன்தான். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது பெரும்பாலும் பாத்திரம் காலியாக இருக்கும். "தலைய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிறாங்க" என்று சமையல்கட்டில் என்னிடம் சொன்னாள். அம்மாவின் நாக்கு வெளுத்துப்போய் இருந்தது. எதையாவது சாப்பிடச் சொன்னால், அப்புறம் என்பாள். ராத்திரி அவள் நெற்றியைத் தொட்டால் சுடுவது போலவே எனக்கு இருக்கும். தங்கை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பாள். நான் நம்பமாட்டேன், மறுபடி தொடுவேன். இந்த இரண்டு நாளில் இவளுக்கு ஏதாவது ஆனால் அது என் விரல் செய்த வேலை என்ற நினைப்பு போகவே இல்லை.

புதுக் கோப்பையை மனைவியே போய் வாங்கி வந்தாள். என்னைக் கடைப் பக்கம் வர வேண்டாம் என்றாள். பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வந்தது அந்த ஒரு முறைதான். சிமெண்ட் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் அடித்துக் கொடுத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், தட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நான் பின்னாலேயே, இரண்டு கையையும் விரித்தபடி, பிடிக்காமல் பிடித்துக்கொண்டு போனேன். மனைவி உள்ளே ஒரு கை தாங்கி உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே வாக்கர் தரையில் நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. அதைப் போடுவதற்காகவே எட்டியிருக்கிறாள்.

"அம்மா, தாப்பா போடாத. தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

கதவில் காதை வைத்தேன். கோப்பை விரியும் சத்தம், கம்பி பிடுங்கிக்கொள்ளும் சத்தம், அவள் சரியும் சத்தம், எது வந்தாலும் உடனே கதவை உடைக்க வேண்டும் என்று தோளைக்கூட வைத்துவிட்டேன்.

"நீ அங்க நின்னா எனக்கு வராது" என்றாள் அம்மா உள்ளிருந்து. "அப்பால போ."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கேட்கிற மாதிரி நாலு அடி நடந்தேன். பிறகு சத்தமில்லாமல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றேன்.



"இன்னும் அங்கதான்டா நிக்கிற. மூச்சு வுடுறது கேக்குது. போடா, எம்மாம் நாளா அடக்கிக்கினு இருக்கேன்."

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஹாலைத் தாண்டினேன், வாசலைத் தாண்டினேன், தெருவுக்கே வந்துவிட்டேன். அங்கே நின்றால் வீட்டுக்குள் நடக்கும் எதுவும் காதில் விழாது. அங்கேயே நின்றேன்.