அம்மாவின் ஹொக்கி அணி

இன்று சுவிஸின் பாசல் நகரில், ட்ராமுக்குள் ஒருவர் கைபேசியில் ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். சறுக்குக் கத்திகள் பனித்தரையைக் கீறும் சத்தம் கேட்டதும் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் கழிந்த என் சிறுவயது திரும்பி வந்தது.

அம்மா அங்கே ஹோட்டல் சலவை அறையில் வேலை செய்தார். சவர்க்கார வாசம் மாறாத கோட்டோடு திறந்தவெளித் திடலில் என்னுடன் நின்று ஆட்டம் பார்ப்பார். எப்போதும் தோற்கும் எங்கள் ஊர் அணி ஒரு குளிர்காலத்தில் வென்றுகொண்டே போனது.

"அம்மா, கப் எங்களுக்குத்தானே?"

"முந்திக் கதைக்காதை பிள்ளை, நாவூறு பட்டிடும். பாப்பம்" என்பார். ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் என் கையை நசுக்கிவிடுவார்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். சனம் கலைந்தது. அம்மா மட்டும் தடுப்போரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். தலைகுனிந்து வந்த எங்கள் கோல்காப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். கையுறையைக் கழற்றி அம்மாவுக்குக் கைகொடுத்தார்.

வீடு திரும்பும்போது நான் அழுதேன். அம்மாவோ முகம் முழுக்கச் சிரிப்போடு, "என்ன வடிவா விளையாடினவங்கள்!" என்றார்.