அடுப்படிச் சுவரில் மண்புழு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசை துடைத்து, மாவாட்டி, சரக்கு மாஸ்டராகி, ஒத்தக்கடையில் சொந்தமாக மெஸ் வைத்தேன். முன்னால் மெஸ், பின்னால் வீடு. மேலூர் பஸ்ஸில் போகிறவர்கள் என் சாம்பாருக்காகவே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரித்தால் இன்றைக்கும் சொல்வார்கள்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். விவசாயப் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவர் மதியம் என்னிடம்தான் சாப்பிடுவார். கொல்லையில் குவிந்து கிடந்த காய்கறித் தோலைப் பார்த்துவிட்டு, மண்புழு வளர்த்தால் அம்புட்டும் உரமாகும் என்று ஒரு தகர டப்பா நிறையப் புழு கொண்டுவந்து கொடுத்தார். வளர்க்கும் விதத்தை எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

"தெனம் இருநூறு பேருக்குப் பொங்கிப் போடுறவன் சார் நான். ஒரு டப்பா புழுவுக்குத் தீனி போடத் தெரியாதா" என்றேன்.

அடியில் ஓட்டை இருந்த பழைய சிமெண்டுத் தொட்டியில் தென்னை நாரைப் பரப்பி, மக்கிய சாணியைப் போட்டு, அதன்மேல் புழுவை விட்டேன். மேலே காய்கறித் தோல், ஈரச் சாக்கு. பத்து நாளில் புழு கொழுகொழுவென்று நெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் சேர்வதுதான் கழனித் தண்ணீர். மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். மாட்டைத் தேற்றுவது புழுவைத் தேற்றாதா என்று நானே முடிவு கட்டினேன். பால்கார அக்காவிடம் இனிக் கழனி கிடையாது என்று சொல்லிவிட்டு, தினம் ஒரு வாளியைத் தொட்டியில் ஊற்றினேன். மெஸ் கழனியில் மிச்ச ரசமும் மோரும் ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்த உப்பும் புளிப்பும் புழுவுக்கு ஆகாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

"எம் மாட்டு வாயில மண்ணப் போட்டுட்டுப் புழுவுக்கா ஊத்துற? ஊத்து தம்பி, ஊத்து. நாளைக்குப் புழு பால் கறக்கும், அதுலயே காபி போட்டுக் குடி" என்று அக்கா வாளியை ஆட்டிக்கொண்டே போனது.

நாலாம் நாள். விடியற்காலையில் பெய்த மழையில் வீடே நசநசவென்று இருந்தது. பதினொன்றரை மணிக்கு என் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

கொல்லைக் கதவின் அடியிலிருந்து ஈரத்தரை நெடுகப் புழு. சுவரிலும் ஏறியிருந்தது. அண்டாவில் சாம்பாரை இறக்கிச் சுவரோரம் வைத்து, ஆவி போகட்டும் என்று தட்டைப் பாதி விலக்கி வைத்திருந்தேன். அதற்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், இரண்டு புழு ஒட்டிக்கொண்டு நெளிந்தன.

ஓடிப்போய்த் தொட்டியின் சாக்கைத் தூக்கினேன். ஊறுகாயும் புளிப்புமாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு புழுவும் இல்லை.

விளக்குமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளினேன். அவசரத்தில் பாதி திரும்பக் கீழே கொட்டியது. குழம்பில் பல்லி கிடந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பியே ஒரு கடை ஒரு வாரத்தில் மூடியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கோ வேறு தொழில் தெரியாது. கரண்டியை விட்டுச் சாம்பாரைத் துழாவினேன். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலைக் காம்பு. வெந்த புழு எந்த நிறத்தில் இருக்கும்?

"கொட்டிருவோம்ங்க."

"பேசாம இரு. ஆளு வர்ற நேரம்."

"நம்ம புள்ளைக்கு இத ஊத்துவீகளா?"

என் கடையில் சாம்பார் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீம்புதான் சாம்பார் வாளியைத் தூக்க வைத்தது.

முதல் பந்தியில் பன்னிரண்டு பேர். இலை இலையாக ஊற்றிவிட்டுத் தூணோரம் நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். மென்றவர் ஒரு நொடி நிறுத்தினால் அவர் இலையை எட்டிப் பார்த்தேன். கடைசி இலையில் இருந்த பஸ் கண்டக்டர் குனிந்து பார்த்தார். சோற்றிலிருந்து எதையோ விரலால் இழுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் இங்கிட்டு வாரீகளா."

பத்தடி தூரம்தான். தூணை விட்டு மெல்ல நடந்து போனேன். மெலிசாக, ஒரு பக்கம் வளைந்து, அவர் விரலிடுக்கில் தொங்கியது அது.

"என்னண்ணே இது, பொரியலுக்கு வாழப்பூ ஆய்ஞ்சது யாரு? கள்ளன எடுக்காமப் போட்டிருக்கீக. உங்க கடையிலயே இப்பிடின்னா நாங்க எங்கிட்டுப் போறது?"

வாழைப்பூவின் நடு நரம்பு. வேகவே வேகாது, அதுதான் கள்ளன். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளே போய் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தேன். அவள் மறு காதைப் பிடித்தாள். அடுத்த பந்திக்கு ரசத்தோடுதான் சோறு போட்டேன்.

மண்புழுவை நான் விடவில்லை. சாணியும் தோலும் மட்டும் போட்டு, பின்னால் மூட்டை மூட்டையாக உரம் எடுத்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் திரும்பச் சாப்பிட வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

அன்றைக்குக் கொல்லைக் குழியில் சாம்பாரைச் சரித்தபோது அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புழு இருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.