ராகு காலமும் சின்னவன் தொப்பியும்

ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் கூட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். அப்பா, அம்மா, என் ரெண்டு பிள்ளைங்களோட இன்னிக்குப் போனோம்.

குட்டி ரயிலுக்கு வரிசையில நிக்கிறப்போ அப்பா மணியைப் பார்த்தாரு. "நாலரைக்கு ராகு காலம்லா. பிள்ளைங்கள ஏத்தாதே."

ராகு காலம் முடியுற ஆறு மணிக்கு பார்க்கையும் மூடிடுவாங்க. சின்னவன் அழ ஆரம்பிச்சிட்டான்.

அம்மாதான் வழி சொன்னாங்க. ஊருக்குக் கிளம்புற நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துலயே பையை வெளிய எடுத்து வெச்சிடுவோம்ல, அதே மாதிரி. நாலு இருபத்தஞ்சுக்கு சின்னவன் தொப்பியை ரயில்ல ஒரு காலி சீட்டுல வெச்சாங்க.

"பயணம் ஆரம்பிச்சாச்சு."

அப்பாவும் ஒத்துக்கிட்டாரு. நாலே முக்காலுக்கு எங்க முறை வந்துச்சு, ஏறினோம். தொப்பியைக் காணோம்.

இறங்கிக் கேட்டா, ரயில் பார்த்துக்கிற அக்கா யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நினைச்சு, ரயில் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆபீசுக்கு அனுப்பிட்டாங்களாம். ஆபீசை மட்டும் அஞ்சு மணிக்கே பூட்டியாச்சு.

வீட்டுக்கு வந்தும் அப்பா விடல. "தொப்பி ரயில்ல போகவே இல்ல. அப்போ நாம ராகு காலத்துலதானே கிளம்பியிருக்கோம்?"

அம்மா சொல்றாங்க, "தொப்பி இன்னும் வீட்டுக்கு வரல. பயணமே முடியலீங்க."

எனக்குத் தலை சுத்துது. நாங்க தீம் பார்க் போய்ட்டு வந்துட்டோமா இல்லையா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.