கடல் தண்ணீருக்காக ஒரு வெள்ளிக்கிழமை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கலாராணியின் தையல் கடைக்கு வந்தவர்கள் ஆறு வாரமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மீன் எங்க?"

கண்ணாடித் தொட்டி இருந்தது. தண்ணீர், மணல், ஓட்டை விழுந்த நாலு கல், குமிழி விடும் காற்று மோட்டார் எல்லாம் இருந்தன. மீன் மட்டும் இல்லை.

"ஏண்டி கலா, வெறுந் தண்ணிக்கா இம்புட்டுக் காவல்?" என்றாள் ரெங்கம்மா. ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்தில் கலாராணிக்கு அடுத்த வீட்டுக்காரி.

"வெறுந் தண்ணி இல்லக்கா, கடல் தண்ணி."

"அப்ப ஒரு போத்தல் குடு. மாங்கா ஊறப் போடுறேன்."

கடை சிரித்தது. கலாராணியும் சிரித்துக்கொண்டே விளக்கினாள். மீனின் கழிவு தண்ணீரிலேயே நஞ்சாகும். அதைத் தின்னும் கிருமிகள் கல்லிலும் மணலிலும் வளர வேண்டும். அதற்கு முன் மீனை விட்டால் செத்துப்போகும்.

இதெல்லாம் அவள் குவைத்தில் கற்றது. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் வேலை. கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி. கண்ணாடி துடைப்பது அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை தொட்டியைப் பார்க்க வரும் மலையாளியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வீட்டில் அவள் முகத்தைக் கண்டதும் ஓடி வந்தவை அந்த மீன்கள்தான். ஊருக்குப் போனால் சின்னதாக ஒன்று வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டாள். கடையும் தையல் மெஷினும் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் தொட்டி வந்தது.

மலையில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? கடலோரப் பொத்துவிலிலிருந்து விடியற்காலையில் பதுளைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் இத்ரூஸைக் கேட்டாள்.

"மீன் கேக்கிற ஆக்கள் இரிக்காங்க. தண்ணி கேக்கிற ஆள இப்பதான் காணுறன்," என்றார் அவர். ஆனாலும் தோணியில் கரையைத் தாண்டிப் போய், சுத்தமான கேன்களில் நிரப்பிக் கொண்டுவந்தார். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார். "கடல் என்ன எங்கட வாப்பாட சொத்தா தங்கச்சி?"

ஏழாவது வாரம், கொழும்பிலிருந்து ரயிலில், மடியில் வைத்த பையில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. செம்மஞ்சள் உடம்பு, வெள்ளைப் பட்டை, விரல் நீளம். நாலாம் நாளே அவள் குனிந்தால் கண்ணாடிக்கு வந்து நின்றன. அன்று அவளுக்குத் தையலே ஓடவில்லை.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல எட்டரைக்குக் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போடும் சாம்பிராணியையும் போட்டாள். கடை முழுக்கப் புகை. அரை மணியில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கல்யாணத்துக்குப் போடத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்திருந்த ரெங்கம்மாதான் முதலில் பார்த்தாள். "என்னாடி, கும்புடுதுங்களா?"

கலாராணி தொட்டியைப் பார்த்தாள். குமிழியைப் பார்த்தாள். காற்று மோட்டார் அறையின் காற்றைத்தான் இழுக்கிறது. அறை முழுக்கச் சாம்பிராணி! குவைத்து மெடம் வீடெல்லாம் வாசனைக் கட்டை புகைத்தும் தொட்டி இருந்த கூடத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, நானே கொல்லப் பாத்தேனே!"

தூபக்காலை வெளியே வைத்தாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தாள். பக்கத்துப் போன் கடை ஹபீஸ் ஓடி வந்தான். விஷயம் கேட்டதும், தன் கடையிலிருந்து நீளமான குழாய் ஒன்றைக் கொண்டுவந்து மோட்டார் காற்றிழுக்கும் துளையில் மாட்டி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டான். "இப்ப வெளிக் காத்துதான் வரும் அக்கா. வேற?"

"தண்ணி மாத்தணும்."

கடையில் இருந்தது ஒரே ஒரு கேன். அதை மாற்றினாள். போதவில்லை. இத்ரூஸுக்குப் போன் எடுத்தபோது அவர் பதுளையை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"லொறியில ஒரு சொட்டும் இல்லயே புள்ள. ஊருக்குப் போய், ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட அள்ளி பஸ்ஸில ஏத்தி விடுறன். பின்னேரம் வரைக்கும் உசிரக் காப்பாத்துங்க."

சாயங்காலம் வரை என்றால் இன்னும் எட்டு மணி நேரம். கலாராணி ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும். அள்ளினாள், ஊற்றினாள். அரை மணியில் தோள் கடுத்தது.

"குடுடி இப்புடி," என்று கோப்பையைப் பிடுங்கினாள் ரெங்கம்மா. "முப்பது வருசம் கொழுந்து எடுத்த கை இது."

"உங்க ஜாக்கெட் இன்னும் முடியலக்கா."

"ஜாக்கெட் கெடக்கட்டும். கல்யாணம் நாயித்துக்கெழமதானே."

பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஸில்மியா டீச்சர் பத்து நிமிடம் ஊற்றினார். மதியச் சோற்றுக்குப் பிறகு ஹபீஸ் வந்தான். நின்று பார்த்தவர்களும் கை கொடுத்தார்கள். "ஆஸ்பத்திரியில எனக்குக்கூட இம்புட்டு ஆளு நிக்கல," என்றாள் ரெங்கம்மா.

ஆறரைக்குப் பொத்துவில் பஸ் வந்தது. கொண்டக்டர் சிங்களவர். நாலு கேன்களையும் தானே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கே, பதுளையில தண்ணி இல்லையா? பொத்துவில்ல இருந்தா எடுக்கிறது?"

"மீனுக்குங்க. ரொம்பப் பெரிய உதவி."

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு சின்ன மீனுக்கா!" என்று சிரித்தார். கட்டணம் கேட்காமலே போய்விட்டார்.

கலாராணி அவசரப்படவில்லை. சூடு சரியா என்று பார்த்து, பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, புதியதை மெல்லிய குழாயில் ஒழுக விட்டாள். ஒரு கேன் முடிந்தது. இரண்டாவது கேன் பாதியானபோது ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதை விட்டு, கல்லுக்குக் கீழே நீந்தி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மற்றதும்.

அவள் இத்ரூஸுக்குப் போன் எடுத்தாள். "இத்ரூஸ் நானா, ரெண்டும் கீழ எறங்கிருச்சு. ஒங்களுக்கு நன்றி எப்புடிச் சொல்றதுன்னே தெரியல..."

"அல்ஹம்துலில்லாஹ். சொல்லத் தேவல்ல தங்கச்சி. தின்னுதா பாருங்க."

ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டாள். பெரியது வந்தது, முகர்ந்தது, விழுங்கியது.

"தின்னுருச்சுடி!" என்று ரெங்கம்மா போட்ட சத்தம் பஸ் நிலையம் வரை கேட்டது.