கியர் விழுந்தும் நகராத வண்டி

எளாவூர் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், முன்னும் பின்னும் லாரிகள் நெருக்கிக்கொண்டிருக்க, என் ஜீப் உறுமியது, ஆனால் நகரவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கையை விரித்துவிட்டது. பின்னாலிருந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "இன்னா நைனா, ரோட்டை வாடகைக்கு எடுத்துக்கினியா?" என்று விசாரித்தார்.

இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவி கேட்டருகே நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் பழவேற்காட்டு பாயை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அதுவா கேட்டைத் தாண்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லாங்காட்டி அவரு கட்டி இழுத்துக்கினு போவட்டும்."

பாய் இறால் வியாபாரி. கடற்கரை மணலில் ஓட்ட இப்படி நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை வெகு நாளாகத் தேடிக்கொண்டிருந்தவர்.

மழை வந்தால் எங்கள் தெரு ஏரி. அப்போது தெருவுக்கே இந்த ஜீப்தான் வண்டி. பால் பாக்கெட், பள்ளிப் பிள்ளைகள், பிரசவ வலி எடுத்த எதிர்வீட்டுப் பெண் என்று எல்லோரையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். வெயில் காலத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் மழைக்காலத்தில் 'சார்' என்பார்கள். அந்தப் பதவியை விட எனக்கு மனசில்லை.

மேலும் நான் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் மெயின்டனன்ஸ் ஆள். யானை மாதிரி கியர்பாக்ஸ்களைக் கழற்றி மாட்டுகிறவன். இது என்ன, பம்பரம்! வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று அறிவித்தேன். ஆலையில் கிரேன் இருக்கிறது, ஆறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் கத்துவது மட்டும்தான் வேலை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் இருந்தது ஒரு ஜாக்கியும் ஒரு மச்சானும். மனைவியின் தம்பி, நெல் விவசாயம், டிராக்டர் வைத்திருக்கிறான். விபத்தில் நொறுங்கிய இதே மாதிரி வண்டியிலிருந்து நல்ல கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்ததும் அவன்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, பழைய பெட்டியை மெல்ல இறக்கி, புதியதை ஏற்றி, ஆயில் ஊற்றினோம். கத்தவும் வழியில்லை. உள்ளே மனைவி இருந்தாள்.

ஞாயிறு மாலை ஸ்டாண்டை எடுத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்டார்ட் செய்து, கியரை டிரைவில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது. பழம் நசுங்கவில்லை. ரிவர்ஸில் போட்டேன். அப்போதும் வண்டி அசையவில்லை.

ஒரே மூச்சில் எல்லா நோயையும் கண்டுபிடித்தேன். "பம்ப் போச்சு மச்சான். கன்வெர்ட்டர் சரியா உக்காரல. இல்ல, நீ கொண்டாந்ததே பொணம். மறுபடி மொத்தத்தையும் கய்ட்டு!"

"மொதல்ல தண்ணி குடி மாமா. வண்டிய விட நீதான் ஜாஸ்தி சூடாயிருக்கே."

இன்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டிக்கு அடியில் புகுந்தேன். உண்மையில் ஒளிந்தேன். அப்போதுதான் பாயின் செருப்பு வந்து நின்றது. பக்கத்தில் என் மனைவியின் செருப்பு.

"உள்ள பாருங்க பாய். இந்தக் குச்சிய முன்னால தள்ளுனா நாலு சக்கரமும் இழுக்கும். போன மழையில எதிர் ஊட்டுப் பொண்ணை இதுலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு. மனுசன் பயந்துக்கினே ஓட்டுவாரு. வண்டி பயப்படாது."

"இவ்ளோ சொல்றியேம்மா, அப்புறம் ஏன் விக்கிறே?"

மனைவியின் செருப்பு மண்ணில் ஒரு கோடு கிழித்தது.

"ஓடலியே பாய்," என்றாள், குரல் இறங்கி. பிறகு, "இன்னா இது, குச்சியில செவப்பு அட்டை?"

நான் நிமிர்ந்த வேகத்தில் தலை சேஸிஸில் இடித்தது.

இந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. சக்தியை இரண்டு சக்கரத்துக்கா, நாலுக்கா என்று பிரித்துக் கொடுப்பது அது. அதன் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியர் விழுந்தாலும் ஒரு சக்கரமும் சுற்றாது. காலையில் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் சுழற்றி போல்ட் முடுக்குவதற்காக நான்தான் அதை நியூட்ரலில் போட்டு, ஆலை வழக்கப்படி 'ஆள் வேலையில், தொடாதே' அட்டையையும் மாட்டியிருந்தேன்.

வெளியே ஊர்ந்து வந்து மச்சானைப் பிடித்தேன். "நீ பாக்கல?"

"பாத்தேனே. அட்டை மாட்டுனவன்தான் கய்ட்டணும், மத்தவன் கை வெச்சா வேலை போயிடும்னு காலைலருந்து நீதானே சொல்லிக்கினு இருந்தே."

வண்டியை இறக்கினோம். அட்டையைக் கழற்றி, லீவரைத் தள்ளி, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எலுமிச்சம்பழங்கள் படபடவென்று நசுங்கின. ஜீப் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. ஓடியதற்கும் பயந்து நான்தான் பிரேக்கை மிதித்திருந்தேன்.

பாய் சிரித்தார். "இப்போ ஓடுதேம்மா. பேசலாமா?"

"ஓடுற வண்டிய யாராவது விப்பாங்களா பாய்? வந்ததுக்கு டீ சாப்ட்டுப் போங்க," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "பால் இல்ல. அதுலயே போய் வாங்கியாந்துடுங்க."

போனேன். கடை வாசலில் இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவுமில்லை. ஹார்ன் அடித்தே இரண்டு பாக்கெட் கேட்டேன். கடைக்காரர் வெளியே வந்து, "இன்னா சார், மழையே வரல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஜன்னல் வழியாகப் பாலைக் கொடுத்தார்.