நோன்பு முறிந்த ஞாயிறு

இறைவனில் அன்புடையீர், என் மகளின் வாயை அடைத்தவன் நானே. அதைத் திறக்க என்னால் இயலாமற்போன நாளைப் பற்றி எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், தென்காசிக்கு அருகே சிற்றாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், கத்தோலிக்கப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். அவ்வாண்டு ஆடித் திங்களில் எங்கள் மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரே பூசையில் முதல் நற்கருணை அப்பம் வழங்குவார். என் ஒரே மகள் ஞானமும் அவர்களுள் ஒருத்தி. ஒன்பது அகவை.

நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு தொடங்கி நீரும் அருந்தலாகாது என்பது அக்கால ஒழுங்கு. அதை நான் கடுமையாகவே பயிற்றினேன். வகுப்பில் பயிற்சி நோன்பு வைத்து, இடையே பானகத்தை நீட்டி, "குடிங்க, நான் சொல்லுதேன்லா" என்பேன். கை நீட்டிய பிள்ளையை முழங்காலிட வைப்பேன். ஆசிரியர் சொன்னாலும் ஏமாறாத பிள்ளைகளை உருவாக்கியதாக இறுமாந்திருந்தேன்.

சனிக்கிழமை வரவேண்டிய ஆயர் வரவில்லை. குற்றால மலையில் பெய்த பெருமழையால் ஆறு கரைபுரண்டது. ஞாயிறு நண்பகலுக்குள் வந்து பூசை வைப்பார், யாவரும் நோன்போடு காத்திருக்க என்று ஆள்வழிச் செய்தி வந்தது. எங்கள் பங்குக் குரு அவரை எதிர்கொள்ள ஆற்றுத்துறைக்குச் சென்றுவிட்டார்.

ஞாயிறு விடியலில் ஞானத்திற்கு வாந்தியும் பேதியும் கண்டன. பொழுது ஏறுமுன் கண்கள் குழிந்தன. விரல்கள் சில்லிட்டன. வைத்தியர் உப்பிட்ட கஞ்சித் தெளிவைக் கொடுக்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊற்றியதைத் துப்பினாள்.

"ஏட்டி ஞானம், குடி. அப்பா சொல்லுதேன்லா."

"வகுப்புலயும் இப்படித்தான் சொல்லுவீய," என்றாள் மெல்ல. "நான் ஏமாற மாட்டேன்."

வைத்தியர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வாத்தியாரய்யா, பாடம் நல்லாத்தான் நடத்தியிருக்கீரு. இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி உள்ள போகலன்னா, நான் இங்கன இருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

என் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நீங்க வெளிய போங்க. உங்களப் பாக்கப் பாக்கத்தான் அவ வாய இறுக்குதா."

போனேன். கிணற்றடியில் மழையில் முழங்காலிட்டேன். பிறருக்கெல்லாம் பிழையற்ற தமிழில் மன்றாட்டு எழுதித் தந்தவன் நான். அன்று ஒரு தொடரும் ஒழுங்காக வரவில்லை. "என் சொல்லை அவள் நெஞ்சிலிருந்து எடுத்துவிடும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுமொழி இல்லை. கேட்பார் ஒருவரும் இல்லையோ என்று தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம் சென்றதோ, அறியேன். வாயிலில் ஆளரவம் கேட்டு உள்ளே ஓடினேன். இடுப்பளவு நனைந்த அங்கியோடு ஆயர் நின்றிருந்தார். கோவில் வாசலில் செய்தி கேட்டு நேரே வந்திருக்கிறார். அருகில் பங்குக் குரு.

"ஆண்டவரே, நான் ஒரு சொட்டும் குடிக்கல," என்றாள் ஞானம், ஆயரைப் பார்த்து.

நான் நடந்ததைச் சொன்னேன். ஆயர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் மனைவியின் கையிலிருந்த கஞ்சிச் செம்பை வாங்கினார்.

"ஆண்டவரே, பூசை," என்று பதறினார் குரு. நள்ளிரவு தொட்டு ஆயரும் நீர் அருந்தியிருக்கவில்லை. அருந்தினால் அன்று அவர் பூசை வைக்க முடியாது. விடியுமுன்னே தம் பூசையை முடித்துவிட்ட குருவும் அன்று இன்னொன்று வைக்கலாகாது. ஊரே கோவிலில் காத்திருந்தது.

ஆயர் அண்ணாந்து, மடக்கு மடக்காகக் குடித்தார். அவர் தொண்டை அசைவதை என் மகள் இமைக்காமல் பார்த்தாள்.

"எனக்கும் இன்று பூசை கிடையாது, மகளே. உனக்கு உடம்பு தேறட்டும். அதுவரை நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

கோவிலில் குரு செய்தியைச் சொன்னபோது, முன்வரிசையில் பசியோடு இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "அப்ப நாமளும் போய்க் கஞ்சி குடிப்போம், வாங்கலே" என்றாராம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் பிற பிள்ளைகள் நற்கருணை பெற்றனர். நான்காம் நாள், தாயின் தோளைப் பற்றி நடந்துவந்து, ஞானம் ஆயர் கையால் பெற்றாள்.

பள்ளி மீண்டும் திறந்ததும் பிள்ளைகள்முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் எந்தப் பிள்ளையையும் பொய்சொல்லிச் சோதித்ததில்லை.

அன்புடையீர், நம்பிக்கை நிறைந்த பின்னரே மன்றாட வேண்டும் என்று காத்திராதீர்கள். கிணற்றடியில் என்னிடம் அது இல்லை. இருந்தும் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.